வலது கை மரத்துப்போகிறது, கழுத்து இறுகுகிறது... வேலையை விட்டுவிடவா?

கேள்வி: "வணக்கம் மேடம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 36. ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். காலை 4 மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு 5.15-க்கு கம்பெனி பஸ் ஏறுவேன். வீடு திரும்ப மாலை 5 ஆகிவிடும். பெரியவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவளுக்கு இரண்டரை வயது. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். ஒரு வருடமாகக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கிறது. நான்கு மாதமாக வலது கை மரத்துப்போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும், உதறினால் சரியாகும். இப்போது இரண்டு பாதமும் மதமதவென்று இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 'கழுத்து எலும்பு தேய்மானம்' என்று சொல்லிக் கழுத்துப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் லைனில் உட்கார்ந்திருக்கும்போதே தூக்கம் சொக்குகிறது. சின்னவள் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்தது, பிறந்த பிறகு பார்க்கவில்லை. மாமியார், 'சுளுக்குதான், வழித்துவிட்டால் போய்விடும்' என்கிறார். இது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுமா? வேலையை விட்டுவிட வேண்டுமா?"

பதில்: பிசியோதெரபிஸ்ட், தருமபுரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதில்லை. நன்றாக இருந்த கை சில நிமிடங்களில் செயலிழக்கும், அதே பக்கத்துக் கால் தளரும், வாய் கோணும், பேச்சு குழறும். அப்படி யாருக்கு வந்தாலும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். நான்கு மாதமாக ராத்திரியில் வந்து, உதறினால் போய்விடுகிற மரப்பு அதன் அடையாளம் அல்ல. அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. கழுத்து, கை, பாதம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்குக் 'கழுத்துத் தேய்மானம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு இது ஒரே பிரச்சினையாகத் தெரியவில்லை. மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் ஒரே சமயத்தில் உங்கள் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. நேரில் தொட்டுப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்ல முடியும். அதற்கு எந்த விரல், எந்த நேரம், என்ன செய்யும்போது என்ற மூன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே சொல்லாததை இந்த மூன்று கேள்விகள் சொல்லும்.

அதற்கு முன்பு, அவசரமானவற்றைப் பார்த்துவிடலாம். கழுத்தெலும்புக்கு உள்ளே ஓடும் தண்டுவடமே நசுங்கினால் கையும் காலும் சேர்ந்து பாதிக்கப்படும். ரவிக்கை ஊக்கு மாட்டத் தடுமாறுவது, சில்லறை எண்ணும்போது கை நழுவுவது, லைனில் சின்னத் திருகாணியைப் பிடிக்க முடியாமல் போவது, நடக்கும்போது கால் பின்னுவது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது, இருட்டில் தள்ளாடுவது, தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கரண்ட் அடித்த மாதிரி பாய்வது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் நிற்பது... இவற்றில் ஒன்று இருந்தாலும் லீவு கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். மறுநாளே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், 'கையும் காலும் சேர்ந்து மரத்துப்போகிறது, நடையில் தடுமாற்றம் இருக்கிறது' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 'கழுத்து வலி' என்று மட்டும் சொன்னால் மறுபடி வலி மாத்திரையோடுதான் திரும்புவீர்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் அதே அவசரம்தான். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை என்பது ஆறுதல். ஆனாலும் பாதத்திலும் மதமதப்பு சேர்ந்திருப்பதால், இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டர் உங்கள் கை கால் பலத்தையும், சுத்தியல் வைத்துத் தட்டி நரம்பின் துள்ளலையும் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது கைக்கு வருவோம். எந்த விரல்கள் மரக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. இன்று ராத்திரி எழுப்பும்போது விளக்கைப் போட்டு, மரத்த இடத்தை மட்டும் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று வந்தால், பிடிபட்ட இடம் பெரும்பாலும் கழுத்து அல்ல, மணிக்கட்டு. உள்ளங்கைக்குப் போகும் ஒரு முக்கிய நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து வழியாக நுழைகிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் அதே சந்தில்தான் போகின்றன. நாள் முழுக்க விரல்களால் கிள்ளிப் பிடித்து வேலை செய்தால் அவை வீங்கும், நரம்பு நசுங்கும். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுப்பதால் ராத்திரியில் அதிகமாகும். உதறினால் சரியாவதுதான் இதற்கு நாங்கள் முதலில் தேடுகிற அடையாளம், அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதே மரப்பு அதற்குள் வந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது.

சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் மட்டும் என்றால் முழங்கையில் பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கியே வைத்திருப்பதும், பெஞ்சின் விளிம்பில் ஊன்றுவதும் அங்கே ஓடும் நரம்பைப் பாதிக்கும். கழுத்திலிருந்து வருகிற மரப்பின் போக்கே வேறு. கழுத்தை அண்ணாந்து அதே பக்கம் திருப்பினால் தோளிலிருந்து கை வழியாக வலி இறங்கும், கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் குறையும். உங்களுக்கு அண்ணாந்தால் கை வலிக்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். சிலருக்குக் கழுத்து, மணிக்கட்டு இரண்டிலும் சிக்கல் இருக்கும், அதையும் மறுக்கவில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. நரம்பியல் டாக்டர் அதற்கு எழுதிக் கொடுப்பார்.

மணிக்கட்டுதான் என்று தெரிந்தால், குறைந்த செலவிலேயே வைத்தியம் தொடங்கலாம். மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கும் பட்டை மருந்துக் கடைகளில் கிடைக்கும். உள்ளே கெட்டியான தகடு இருப்பதாகப் பார்த்து வாங்கி, ராத்திரி மட்டும் ஆறு வாரம் போடுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது. அந்த ஆறு வாரமும் ஜீன்ஸ், பெட்ஷீட், புடவை எதையும் நீங்கள் முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் சொட்டச் சொட்டப் போட்டாலும் நம் ஊர் வெயிலுக்குக் காய்ந்துவிடும்.

பாதத்தைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. கழுத்திலோ இடுப்பிலோ ஒரு நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் காட்டும். இரண்டு பாதமும் ஒரே மாதிரி மதமதவென்று ஆனால் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுவோம். கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது கடைமடை வயல்தான், நரம்பிலும் அப்படித்தான். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. சர்க்கரையோ சத்துக்குறைவோ நரம்பைத் தாக்கினால் முதலில் அங்கேதான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான்: 'சின்னவள் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்தது, பிறந்த பிறகு பார்க்கவில்லை.' கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு மறைந்துவிட்டாலும், பிற்பாடு நிரந்தரமாக வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்து ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறையும், அதற்கப்புறம் விடாமல் அவ்வப்போதும் பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு யாருக்கு இது நினைவில் நிற்கும்? உங்களைக் குறை சொல்லவில்லை, இந்த வாரமே பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, வைட்டமின் பி12, ரத்த அளவு, இந்த ஐந்தும் போதும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேலோ, எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய்தான், வைத்தியம் தொடங்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு இரண்டில் எது இருந்தாலும் மணிக்கட்டு நரம்பும் எளிதில் நசுங்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பி12 பற்றி ஒரு விஷயம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். இரண்டும் அருமையான சாப்பாடு. ஆனால் பி12 அவற்றில் கிடையாது. முட்டை, மீன், கறி, பால், தயிர் இவற்றில்தான் உண்டு. காலையில் எல்லோருக்கும் டப்பா கட்டிவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறுகிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்களும் அப்படி என்றால், ஒரு அவித்த முட்டையை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், பஸ்ஸிலேயே சாப்பிடலாம். ரத்தத்தில் குறைவு என்று வந்தால் முட்டை மட்டும் போதாது, ஊசியோ மாத்திரையோ டாக்டர் தருவார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் சத்து மாத்திரை எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள், அளவு தவறாகக் காட்டும்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று. குடிக்க என்ன தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீருக்குத் திரும்புகிற வீடுகள் இன்றும் உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது நம் நாட்டு அளவுகோல். அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் கறை படிவதோடு நிற்காது. எலும்பு தடிக்கும், மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் கெட்டிப்படும், கழுத்தும் முதுகும் விறைக்கும். முற்றினால் தண்டுவடம் ஓடும் வழியே குறுகிக் கை கால் மரத்துப்போகும். வெளியூர் டாக்டர்கள் சிலருக்கு இது சட்டென்று தோன்றாது. ஆகவே நீங்களே சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே மூன்று அசைவுகள் செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? கைகளை நீட்டி, மடக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா? மூன்றிலும் தடங்கல் இருந்து, சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கோடுகளும் இருந்தால், டாக்டரிடம் ஃப்ளோரைடு என்ற சொல்லை எடுத்துப் போடுங்கள். அரை லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் அளவு சொல்லிவிடுவார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். பெரியவனுக்கு நிரந்தரப் பல் முளைத்துக்கொண்டிருக்கும் வயது, சின்னவளுக்கு உள்ளே உருவாகும் வயது. எனவே உங்கள் கழுத்துக்குக் காரணம் இதுவாக இல்லாவிட்டாலும், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்து வையுங்கள்.

சரி, கழுத்து. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதியதைப் படித்து எத்தனையோ பேர் வாழ்க்கையே முடிந்தது போல என் எதிரில் வந்து உட்கார்கிறார்கள். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களில்கூட ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அப்படி இருந்தது. வயதாக ஆகத் தலைமுடி நரைப்பதைப் போல எல்லோருக்கும் வருகிற மாற்றம் அது. படத்தில் இருப்பதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

உங்கள் கழுத்து இறுகுவதற்கு நான் உங்கள் நாளைத்தான் பார்ப்பேன். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அதைக் குனிந்தபடி நிறுத்தி வைக்கும் வேலை கழுத்துக்குப் பின்னால் தொடங்கித் தோள்பட்டை வரை விரிந்த தசைகளுக்கு. அசைந்து அசைந்து வேலை செய்தால் தசை சோர்வதில்லை, ஒரே நிலையில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் இறுகும். நீங்கள் எட்டு மணி நேரம் போர்டைக் குனிந்து பார்க்கிறீர்கள். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் குனிகிறீர்கள். ஒரு இடுப்பில் பிள்ளை. இதற்கெல்லாம் மேலே, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தலை தொங்கத் தொங்கத் தூங்குகிறீர்கள். கம்பெனி பஸ்ஸில் வருகிற என் நோயாளிகள் பலருக்கு வேலையைவிட இந்தத் தூக்கம்தான் கழுத்தை அதிகம் கெடுக்கிறது. அதற்காகத் தூங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு எழுகிறவருக்கு அந்தத் தூக்கம் வேண்டும். ஜன்னலோர இருக்கையில் உட்காருங்கள். ஒரு டர்க்கி டவலை நீளவாக்கில் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முன்னால் ஒரு ஊக்கு குத்துங்கள். தலை சரிந்தாலும் டவல் தாங்கும். டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டைக்கும் நான் பார்க்கிற ஒரே உபயோகம் அந்தப் பயண நேரம்தான். பகல் முழுக்கப் போட்டுக்கொண்டால் தசை இன்னும் பலமிழக்கும்.

லைனில் நாற்காலியின் உயரம்தான் முதல் விஷயம். முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியை ஏற்றியதால் கால் தொங்கினால் கீழே ஒரு பலகையோ காலி அட்டைப்பெட்டியோ வைத்துக்கொள்ளக் கேளுங்கள். போர்டை உங்கள் பக்கம் இழுத்து, அதற்கு அடியில் சாய்வாக ஏதாவது வைக்க அனுமதி கிடைத்தால் குனிவது பாதியாகக் குறையும். லைன் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒரு பீஸ் முடித்து அடுத்ததை எடுக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் தோளைக் கீழே இறக்கி, ஒரு மூச்சு விட்டாலே போதும். பதற்றத்தில் தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டே போகும், நமக்கே தெரியாது.

பயிற்சி இரண்டே இரண்டு சொல்கிறேன், நிறையச் சொன்னால் எதையும் செய்ய மாட்டீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் நேராகப் பின்னுக்கு இழுங்கள். இரட்டைத் தாடை விழுகிற மாதிரி இருக்கும். ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள். பத்து முறை. அடுத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுக்கு நடுவில் சேர்ப்பது போல இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். இதுவும் பத்து முறை. காலையில் இட்லி வேகும் நேரத்தில் ஒருமுறை, டீ இடைவேளையில் ஒருமுறை, இரவு ஒருமுறை. செய்யும்போது கழுத்தில் லேசாக இழுப்பது பரவாயில்லை. கையில் மரப்பு கூடினால் நிறுத்திவிட்டு நேரில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், பத்தாவது நாளில் விட்டுவிடாதீர்கள். இரவில் கால் மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். பாதத்துக்கு மட்டும் ஒத்தடம் வேண்டாம், உணர்ச்சி குறைந்த இடத்தில் சுட்டாலும் தெரியாது.

சின்னவளைத் தூக்கக் கூடாது என்று நான் சொன்னாலும் நீங்கள் தூக்கத்தான் செய்வீர்கள், தூக்கவும் வேண்டும். காலையிலிருந்து அம்மாவைப் பார்க்காத பிள்ளை அது. நீங்கள் முதலில் உட்கார்ந்துவிட்டு மடியில் ஏறச் சொல்லுங்கள். நின்றபடி தூக்க வேண்டியிருந்தால் முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, இடுப்பை மாற்றி மாற்றி வையுங்கள். அக்குளுக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்குவது மணிக்கட்டுக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று, தூங்க வைக்கும்போது உங்கள் வலது கையைத் தலையணையாகக் கொடுக்கிறீர்களா? ராத்திரி மரப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு சின்னத் தலையணையை வைத்துவிட்டுக் கையை உருவிக்கொள்ளுங்கள்.

மாத்திரையைப் பற்றி. தூக்கம் சொக்க வைப்பது பெரும்பாலும் நரம்பு வலிக்கான மாத்திரை. அந்த வகையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் திரும்பப் போய், 'மெஷினில் வேலை செய்கிறேன், ராத்திரிக்கு மாற்ற முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா' என்று கேளுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடுவதை மட்டும் இன்றோடு விடுங்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது சத்தமில்லாமல் கெடுக்கும்.

உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். அவர் வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிட்டால் நல்லதுதான், சுகமாகத் தூக்கம் வரும். ஆனால் கழுத்தைப் பிடித்துத் திருகுவது, சடக்கென்று சொடுக்கு எடுப்பது எதுவும் வேண்டவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்பில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

செலவைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கும், சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள், பாருங்கள். நான் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனை, நிபுணர் டாக்டர், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, ஆபரேஷன்வரை அதில் வரும். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், இஎஸ்ஐ சந்தா கட்டிய நாட்களின் கணக்கு சரியாக இருக்கும்பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சம்பளத்திலிருந்து பிடித்த காசுக்குக் கிடைக்கிற உரிமை அது, கேட்கத் தயங்காதீர்கள். இஎஸ்ஐ இல்லையென்றால், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் உங்கள் தெருவுக்கும் வருவார்கள், மாமியாருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட வேண்டியதில்லை. இப்போது தெரிகிற எதுவும் அதற்கான காரணம் இல்லை. ரிசல்ட்டெல்லாம் வந்த பிறகு, டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு விரலால் கிள்ளிப் பிடிக்கிற ஸ்டேஷனிலிருந்து சோதனை அல்லது பேக்கிங் பக்கம் மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்பதைவிடத் தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.

அப்புறம், இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். அவரும் ஸ்டியரிங் பிடித்து ஓய்ந்துபோய்தான் வீட்டுக்கு வருகிறார், தெரியும். ஆனால் வீட்டில் இருக்கிற அந்தப் பத்து நாளும் துணி பிழிவதும், குடம் தூக்குவதும், ராத்திரி சின்னவளைத் தூங்க வைப்பதும் அவர் வேலையாகட்டும். அவர் இல்லாத நாளில் ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு அரை வாளியாக எடுங்கள், பெரியவன் ஒன்றைப் பிடிப்பான். மாலை ஐந்தரையிலிருந்து அரை மணி நேரம் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் படுத்தே ஆக வேண்டும். தூக்கம் குறைகிற உடம்பில் வலி கூடுதலாகத் தெரியும். இது மனப்பிரமை இல்லை. களைத்த நரம்பு எதையும் கூட்டித்தான் சொல்லும்.

ஆறு வாரம் மணிக்கட்டுப் பட்டை போட்டும் ராத்திரி எழுப்புவது நிற்கவில்லையென்றால், அடுத்து மணிக்கட்டில் ஒரு ஊசி போடுவார்கள். அதற்கும் கேட்காமல், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை மெலியத் தொடங்கினால் சின்ன ஆபரேஷன் தேவைப்படும். கையை மட்டும் மரக்க வைத்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சதை மெலிந்த பிறகு போனால் பழைய பலம் முழுதாகத் திரும்புவது கஷ்டம். ஆகவே வாரம் ஒருமுறை இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். வலதில் பள்ளம் தெரிந்தால் ஆறு வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.